அப்பத்தாவும் ஆடியோ இன்டர்ஃபேஸும்

ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் கோடம்பாக்கத்துக்கு ரயிலேற வேண்டும் என்றொரு காலம் இருந்தது. ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். வயலின்காரர், தபேலாக்காரர், புல்லாங்குழல்காரர், பாடகர் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். கடைசி சரணத்தில் ஒருவர் தும்மினால் போச்சு, பல்லவியிலிருந்து மறுபடி ஆரம்பம். வாடகை மீட்டர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்று அந்த வேலையை செட்டியார்பட்டியில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன அறையில் செய்யலாம். நானே சாட்சி.

செட்டியார்பட்டி தெரியாதவர்களுக்காக: ராஜபாளையத்திலிருந்து தளவாய்புரம் போகிற பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. பக்கத்துத் தளவாய்புரம் நைட்டிக்குப் பேர்போனது. எனவே எந்தத் தெருவில் நின்றாலும் தையல் மெஷின் சத்தம் கேட்கும். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

அக்கா மகன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். கீபோர்டு வாசிப்பான், சுமாராகப் பாடுவான். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த பணம் 46,000 ரூபாய். 'ஹோம் ஸ்டுடியோ' வைக்க வேண்டும் என்பது அவன் கனவு. மதுரையில் ஒரு கடைக்காரர் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டை என்னிடம் நீட்டினான். கண்டென்சர் மைக் இரண்டு, எட்டு மைக் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ், மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சுவருக்கு ஃபோம், புதுக் கம்ப்யூட்டர் என்று மொத்தம் 1,78,500 ரூபாய்.

"மிச்சத்துக்கு என்னடா பண்ணுவே?"

"பர்சனல் லோன் தர்றாங்க மாமா. பதினாறு பர்சென்ட்."

நான் படித்தது பி.காம். சங்கீதத்தில் ஸ, ப தவிர வேறு ஸ்வரம் எதையும் நிச்சயமாக அடையாளம் சொல்ல வராது. ஆனால் வட்டி என்றால் காது விறைத்துக்கொள்ளும். பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். 1,32,500 ரூபாய் கடன், 16 சதவிகிதம், 36 மாதம். மாதத் தவணை ஏறத்தாழ 4,660 ரூபாய். மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 35,000 ரூபாய்க்கு மேல்.

"சரி, இதெல்லாம் வாங்கி முதல்ல எதை ரெகார்ட் பண்ணப் போறே?"

"அப்பத்தா பாட்டை மாமா. ஸ்டுடியோ ரெடியானதும் மொத வேலை அதான்."

அவன் சொன்ன அப்பத்தா, என் அக்காவின் மாமியார். 83 வயது. நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஒரு காலத்தில் நடவுக்குப் போனால் அவர்தான் முன்பாட்டுக்காரர். அவர் ஓரடி எடுத்துக் கொடுக்க, வரிசையில் நிற்கும் இருபது பேரும் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்களாம். தாலாட்டு, கும்மி, நடவு, ஒப்பாரி என்று எல்லாவற்றிலும் கைவசம் சரக்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாமே தலைக்குள்தான்.

அந்தத் தலைக்குள்தான் இப்போது பிரச்னை. போன தீபாவளிக்கு முழுசாகப் பாடிய ஒரு கும்மிப்பாட்டு, இந்தப் பொங்கலுக்கு நாலு அடியோடு நின்றுவிட்டது. "மறந்துபோச்சு தம்பி" என்று சிரிக்கிறார். கடனுக்கு 36 தவணை இருக்கிறது. அத்தைக்கு எத்தனை தவணை பாக்கி என்று எந்த பேங்க்கும் சொல்லாது.

"மெஷின் காத்திருக்கும்டா. அப்பத்தா காத்திருக்க மாட்டாங்க. இன்னிக்கு உன்கிட்ட என்ன இருக்கு?" என்றேன். பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. கையில் போன் இருந்தது.

ஆரம்பிப்பதற்கு அது போதும். நான் சொல்வதை நம்பாதவர்களுக்கு ஓர் அமெரிக்கர் கதை.

1982 ஜனவரி. புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் என்ற ராக் பாடகர், அப்போதே பெரிய ஸ்டார். நியூஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, புதுப் பாட்டுகளின் மாதிரியை ஒரு கேசட்டில் பதிந்தார். கருவி, டீயாக் கம்பெனி 1979-ல் கொண்டு வந்த போர்ட்டாஸ்டுடியோ. சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதியலாம். மைக் இரண்டும் மேடைகளில் பார்க்கிற ஷ்யூர் எஸ்எம் 57. பிறகு பேண்டு மொத்தமும் பெரிய ஸ்டுடியோவுக்குள் போய் அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தது. உறை கூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைந்த அந்தக் கேசட்டில் இருந்த உயிர், ஸ்டுடியோவில் வரவில்லை. கடைசியில் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள். பெயர் 'நெப்ராஸ்கா'. அது உருவான கதை 2025-ல் சினிமாவாகவே வந்துவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர் உதாரணம் உங்களுக்கே தெரியும். 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தன் வீட்டை ஒட்டி ஒரு ஸ்டுடியோ கட்டினார். பஞ்சதன் ரெகார்ட் இன். விளம்பர ஜிங்கிள்களில் பழகிய கை, 1992-ல் 'ரோஜா'வில் இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கு முந்தைய அத்தியாயம்தான் பி.காம்-காரனான எனக்குப் பிடித்தது. அவருடைய அப்பா ஆர்.கே.சேகர் இறந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. வருமானம் தந்த சொத்து அது. தவணை கட்ட வைத்த சொத்து இல்லை.

இந்தத் தலைமுறைக்கு பில்லி ஐலிஷ். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிந்த பாட்டுகள். அந்த ஆல்பம் 2019-ல் வந்தது. 2020 ஜனவரியில் கிராமியின் நான்கு பெரிய விருதுகளும் அந்தப் பெண்ணுக்கே.

அத்தை மாதிரி ஆட்களின் பாட்டுக்கு வந்தால், ராஜபாளையம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். இந்த வட்டாரத்துச் சின்னசுரைக்காய்பட்டியில் பிறந்தவர். கணவரோடு ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கில் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்து மேடையேற்றினார். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர்கள் தேடிப்போனது திண்ணைகளையும் வயல்வரப்புகளையும்தான். அங்கெல்லாம் சுவரில் ஃபோம் ஒட்டியா இருந்தது?

இத்தனை பேச்சுக்கும் பிறகு அக்கா மகன் லிஸ்ட்டை மடித்து வைத்தான். நாங்கள் போட்ட புது லிஸ்ட் இது.

ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் செருகக்கூடியது: 11,000 ரூபாய். டைனமிக் மைக் ஒன்று: 6,500. மைக் ஸ்டாண்ட்: 1,400. கேபிள்: 700. காதை முழுக்க மூடும் ஹெட்போன்: 4,200. ஆக 23,800 ரூபாய். கையிருப்பில் 22,200 மிச்சம்.

இன்டர்ஃபேஸ் என்றால் பயப்பட வேண்டாம். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி. ஒரு வினாடிக்கு 48,000 தடவை அளந்து எழுதிக்கொள்கிறது. நம் கணக்குப்பிள்ளைகள் யாரும் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

மைக் விஷயத்தில்தான் கடைக்காரருக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு. அவர் கண்டென்சர் மைக்கைத்தான் தள்ளப் பார்த்தார். நுட்பமான மைக் அது. இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் கொடுத்தால்தான் வேலை செய்யும். பாடகியின் மூச்சு, வளையல், உதடு பிரிவது எல்லாம் கேட்கும். கூடவே பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டுத் தையல் மெஷின், கோயில் ஸ்பீக்கர், தெருமுனையில் குரைக்கும் நாய் எல்லாமும் கேட்கும். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்துறை ஸ்டாம்ப்பே வெளியிட்டது. அந்தப் பெருமை தெரிந்தோ தெரியாமலோ அதன் குரல் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

டைனமிக் மைக்குக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் இருப்பதை மட்டும் நன்றாகக் கேட்கும், தூரத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளாது. அமைதியான ஸ்டுடியோவில் அது குறை. நம் தெருக்களில் அதுவே தகுதி. கீழே போட்டாலும் உடையாது. வருமான வரிச் சட்டப்படி கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம். நல்ல டைனமிக் மைக்கை அப்படியெல்லாம் எழுதித் தள்ளத் தேவையே இருக்காது. இருபது வருஷமானாலும் பாடும்.

மானிட்டர் ஸ்பீக்கரை ஏன் விட்டோம்? பத்துக்கு எட்டு அறையில் ஸ்பீக்கர் வைத்தால் ஸ்பீக்கரைவிட அறையின் சத்தம்தான் அதிகம் கேட்கும். அதோடு, பாடும்போது ஸ்பீக்கர் ஓடினால் அந்தச் சத்தமும் மைக்குக்குள் போய்விடும். மூடிய ஹெட்போனில் இரண்டு தொல்லையும் இல்லை.

பதிவு செய்கிற சாஃப்ட்வேர் இலவசம். ஆடாசிட்டி என்று பெயர். 2000-லிருந்து இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவை எத்தனையோ உண்டு. ஒற்றைக் குரலைப் பதிய இது தாராளம்.

அடுத்தது அறை. முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டினால் சத்தம் உள்ளே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அட்டையாலோ ஃபோமாலோ அது ஆகாது. அறைக்குள் நம் குரலே சுவரில் பட்டுத் திரும்பி வருகிறதே, அந்த 'கிணற்றுக் குரலை'க் குறைப்பதுதான் நம்மால் முடிந்தது. அதற்கு வீட்டிலேயே சரக்கு இருக்கிறது. அக்காவின் பீரோவைத் திறந்து வைத்தோம். உள்ளே அடுக்கு அடுக்காகச் சேலை. எதிர்ச்சுவரில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தினோம். கொடியில் இரண்டு ஜமுக்காளம். தரையில் பாய். கைதட்டிப் பார்த்தால் முன்பு 'டங்' என்றது, இப்போது 'டப்' என்று அடங்கியது. செலவு, பூஜ்யம்.

'ப', 'ப்பா' என்று பாடும்போது வாயிலிருந்து கிளம்பும் காற்று மைக்கில் முட்டி 'புப்' என்று வெடிக்கும். அதைத் தடுக்கக் கடையில் பாப் ஃபில்டர் விற்கிறார்கள். எம்ப்ராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்து மாட்டினாலும் அதே வேலை நடக்கும். நைட்டி ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்குக் காசு கொடுத்தால் சிரிப்பார்கள்.

முதல் நாள் பதிவில் விடாமல் ஒரு 'ம்ம்ம்' கேட்டது. கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அது. எர்த் சரியில்லாத வீடுகளில் சகஜம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினோம். இரைச்சல் நின்றது. ஃபேனையும் நிறுத்த வேண்டியிருந்தது. ராஜபாளையம் வெயிலில் ஃபேன் இல்லாமல் ஒரு பாட்டு என்பது தவம்தான். அதனால் ஒரு பாட்டு, ஒரு சொம்புத் தண்ணீர், பத்து நிமிஷம் ஃபேன் என்று முறை வைத்துக்கொண்டோம்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு ஜாண் தூரம். இது முக்கியம். தூரம் பாதியானால் மைக்குக்கு வந்து சேரும் குரலின் செறிவு நாலு மடங்காகும். தெருச்சத்தம் மட்டும் அதேதான் இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சத்தத்தோடு மல்லுக்கட்டுவதைவிட மைக்கைக் கிட்டே இழுப்பது லாபம். போனில் பதிகிறவர்களுக்கும் இதே விதிதான். ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். மேஜை மேல் கிடத்தாமல் மடித்த துண்டின் மேல் சாய்த்து வைத்தால் தட்டுகிற சத்தம் ஏறாது.

பிறகு அளவு. திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு மீட்டர் ஆடும். எவ்வளவு உரக்கப் பாடினாலும் சிவப்பைத் தொடாமல், மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கிற மாதிரி குமிழைத் திருகி வைத்தால் நிம்மதி. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம். சிவப்பில் போய்ச் சிதைந்த குரலைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

எல்லாம் தயார். அத்தையை உட்கார வைத்தோம். மைக்கைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "போட்டோவா எடுக்கீக?" என்றார். தொண்டையைச் செருமி ஒரு தாலாட்டு எடுத்தார். கைக்குழந்தை இல்லாமல் பாட வரவில்லை. தலையணையை மடியில் போட்டோம், வந்துவிட்டது. நடவுப்பாட்டுக்கு உட்கார்ந்து பாட வரவில்லை. எழுந்து, லேசாகக் குனிந்து நின்றதும் கடகடவென்று கொட்டியது. உடம்புக்குள் இருந்த பாட்டு உடம்பை அசைத்தால்தான் வரும் போலிருக்கிறது. மைக் ஸ்டாண்டை அவருக்குத் தோதாக இறக்கிப் பிடிப்பதுதான் அன்றைக்கு அக்கா மகனுக்கு முக்கால்வாசி வேலை.

பாடி முடித்ததும் ஹெட்போனை அவர் காதில் மாட்டினோம். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார்.

"இது யாரு? எங்கம்மா பாடுத மாதிரியில்ல இருக்கு."

அக்கா மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் மீட்டரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பாரியில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. "வீட்டுக்குள்ள ஒப்பாரி பாடப்படாது. வெளக்கு ஏத்துற வீடு. வெனையா போயிரும்" என்று மறுத்துவிட்டார். வற்புறுத்தக்கூடாது. அது அவர் வாழ்ந்த சட்டம். மறுநாள் காலை ஆறு மணிக்கு லேப்டாப், இன்டர்ஃபேஸ், மைக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாந்தோப்புக்குப் போனோம். இன்டர்ஃபேஸுக்கு லேப்டாப்பே கரண்ட் கொடுத்துவிடும், பிளக் தேவையில்லை. கடைக்காரர் சொன்ன லிஸ்ட்டை வாங்கியிருந்தால் ஒரு டெம்போ பிடிக்க வேண்டியிருந்திருக்கும். காற்றுக்கு மைக்கின் தலையில் ஒரு கம்பளி சாக்ஸை மாட்டினோம். மோட்டார் ரூம் சுவரை ஒட்டி உட்கார்ந்து அவர் தன் புருஷனுக்குப் பாடிய ஒப்பாரியைப் பாடினார். நடுவில் குயில் ஒன்று கூவுகிறது. அதை வெட்டவில்லை.

நாலு நாளில் பதினேழு பாட்டு முழுசாகக் கிடைத்தது. ஆறு பாட்டு பாதியில் நின்றது. இன்னும் பத்துப் பன்னிரண்டுக்கு முதல் அடி மட்டும் நினைவிருந்தது. "அது பெருசு தம்பி, ரொம்பப் பெருசு" என்று கையை விரித்துக் காட்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாதாரண போனோடு உட்கார்ந்திருந்தால் அவையும் கிடைத்திருக்கும். எஸ்டிமேட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பணம் சேர்த்த காலத்துக்கான வட்டி அது.

சில நடைமுறை விஷயங்கள். ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்திலும் பாடுகிறவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதைப் பேசிப் பதிந்துவிடுங்கள். ஃபைலுக்கு 'புதிய பதிவு 14' என்று பெயர் வைத்தால் அடுத்த வருஷம் உங்களுக்கே தெரியாது. 'தாலாட்டு - செட்டியார்பட்டி' என்று வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்ற கணக்கில் ஒரு நிமிஷத்துக்கு எட்டரை எம்பி-யிலிருந்து ஒன்பது எம்பி ஆகும். மூன்று மணி நேரப் பதிவும் ஏறத்தாழ ஒண்ணரை ஜிபி-தான் ஆகும். லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பிரதி என் வீட்டில் இருக்கிறது.

காப்பிரைட் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பாட்டு யாருடையது என்று தெரியாமல் போனாலும், பாடியவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் 50 வருஷ உரிமை உண்டு. ஒலிப்பதிவின் மேல் 60 வருஷம். எனவே பாட்டியின் பாட்டை நெட்டில் ஏற்றும் முன் பாட்டியைக் கேளுங்கள். அத்தையிடம் கேட்டோம். தாலாட்டுக்கும் நடவுக்கும் சரி என்றார். ஒப்பாரிக்குத் தலையாட்டவில்லை. அது மூன்று பிரதியோடு நிற்கிறது.

அந்த 22,200 ரூபாய் போஸ்ட் ஆபீசில் கிடக்கிறது. அக்கா மகன் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறான். இதுவரை ஐந்து பாட்டிகளும், வில்லுப்பாட்டில் குடம் அடித்த ஒரு தாத்தாவும் சிக்கியிருக்கிறார்கள். போன வாரம் போனில் பேசினான்.

"வருமானம் ஏதாவது உண்டாடா?"

"எல்லா வீட்லயும் காபி தர்றாங்க மாமா. ஒரு வீட்ல பால்கோவா."

"ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவா?"

"ஆமா மாமா. ஆனா பாடுறதுக்கு முன்னாடி அவங்களைச் சாப்பிட விடுறதில்ல. தொண்டை கட்டிக்குது."

பையன் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டான்.